சாயங்காலத் தண்ணீர்

அந்த ஸ்டுடியோவில் அவளுக்கு அண்ணி என்றுதான் பெயர். முதலாளி அவள் கணவனின் தம்பி. அவன் கூப்பிட்டதைக் கேட்டு மற்றவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். கீழே டயர்க்கடையில் பஞ்சர் ஒட்டுகிறவருக்கு அவள் அப்பா வயது இருக்கும். அவரும், "அண்ணி, வண்டியைக் கொஞ்சம் தள்ளி வையுங்க" என்பார். அவளும் முகம் மாறாமல் தள்ளி வைப்பாள்.

டயர்க்கடைக்கு மேல்மாடிதான் ஸ்டுடியோ. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கைப் பிடிக்கும். திரையில் நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். அதனால் நல்ல வெயில் நேரத்தில் உள்ளே நுழைந்தாலும், படம் ஆரம்பித்த பிறகு கொட்டகைக்குள் வந்தவர்போலத் தடவித் தடவித்தான் போய் உட்கார வேண்டும்.

அதற்கு முன்னால் அவள் பள்ளிப் பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். தவளையின் சீரண மண்டலம், வேர்த்தூவி, மனிதக் காதின் உட்புறம். ஊரில் பாதிப் பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த தவளை அவளுடைய தவளைதான். அந்தப் பதிப்பகத்தை மூடியதும் கொஞ்ச காலம் வீட்டில் இருந்தாள். கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். குடும்பம் எப்படியோ உருண்டது.

அப்புறம் அவனுக்குப் பார்வை ஓரங்களிலிருந்து குறைய ஆரம்பித்தது. நேரே பார்த்தால் எல்லாம் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வேனிலிருந்து இறங்கிய குழந்தை முன்பக்கமாகச் சுற்றிப் போனதை அவன் கவனிக்கவில்லை. ஆயா கத்தியதால் பிரேக்கை மிதித்தான். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, யாரும் புகாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவன் அன்றைக்கே அலுவலகத்துக்குப் போய், "எனக்குக் கண்ணு சரியில்லை, இனிமே ஓட்ட மாட்டேன்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தான். அதற்குப் பிறகுதான் கொழுந்தன் அவளைக் கூப்பிட்டான். அண்ணன் குடும்பத்துக்குச் சும்மா கொடுத்தால் அண்ணன் வாங்கமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும். அதுதான் காரணம் என்பது அவளுக்கும் தெரியும்.

முதலில் செருப்புதான் வெட்டினாள். வெளிநாட்டுக் கடைகளின் விளம்பரப் படங்களில் செருப்பையும் கைப்பையையும் மட்டும் தனியாக எடுத்துப் பின்னால் இருப்பதை அழித்துவிடும் வேலை. என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால், "செருப்பு வெட்டறேன்" என்பாள். கேட்டவர்கள் அதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அந்த நிலைமையில்தான் நீர்நாய் வந்தது.

வெளிநாட்டில் குழந்தைகளுக்குக் கார்ட்டூன் தொடர் எடுக்கும் ஒரு கம்பெனி. படகையே வீடாக வைத்துக்கொண்டு கால்வாயில் ஊர் ஊராகப் போகும் ஒரு நீர்நாய்க் குடும்பத்தின் கதை. நீர்நாய்களை அங்கேயே வரைந்துகொள்வார்கள். அவற்றுக்குப் பின்னால் இருக்கும் கால்வாய், பாலம், ஈரச்சுவர், பாசி, மரம், வானம் இவற்றில் பாதியை இங்கே வரைய வேண்டும். பாடப்புத்தகத்துக்குக் கோடு போட்ட கை இருக்கிறதே என்று கொழுந்தன் அவளைத்தான் அதற்குத் தலைமையாகப் போட்டான்.

அவள் வரைந்து அனுப்பிய முதல் படங்கள் அப்படியே திரும்பி வந்தன. தண்ணீரை நீலமாகவும், வெயிலைப் பளீரென்றும், நிழலைக் கரியாகவும் போட்டிருந்தாள். இங்கே வெயில் இப்படி அடிக்காது, நிழல் இவ்வளவு கறுப்பாக விழாது என்று பதில் வந்தது. கூடவே, அந்தத் தொடருக்கு ஆரம்பத்திலிருந்து பின்னணி வரைகிற பெண் வாரம் ஒரு தடவை வீடியோவில் பேசிச் சொல்லித் தருவாள் என்றும் எழுதியிருந்தார்கள்.

அது வெள்ளிக்கிழமையாக அமைந்தது. இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் சொக்கும் நேரம், அங்கே அவள் காலை ரொட்டியைக் கடித்துக்கொண்டு வந்து உட்காருவாள். பின்சுவரில் ஒரு சைக்கிள் ஆணியில் தொங்கும். படகு பாகங்களை வரைகிற மீசை (அவருக்கு முகத்தில் பாதி அதுதான்) அவளுக்கு வெள்ளிக்கிழமைக்காரம்மா என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்தது.

வெள்ளிக்கிழமைக்காரம்மாவுக்கும் அண்ணிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அண்ணியின் இங்கிலீஷ் பாடப்புத்தக இங்கிலீஷ். குறுக்குவெட்டுத் தோற்றத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும், சாப்பிட்டாச்சா என்று கேட்கத் தெரியாது. முதல் இரண்டு வாரம் தலையை மட்டும் ஆட்டினாள். மூன்றாவது வாரம், பேனாவைக் கீழே வைத்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்து நீவிக்கொண்டபோது, திரைக்கு அந்தப் பக்கம் அவளும் அதே மாதிரி மணிக்கட்டை நீவிக்கொண்டிருந்தாள். இருவரும் பார்த்துச் சிரித்தார்கள். அவள் தனக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்து காட்டினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்னால் இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து கையைச் சுழற்றுவதைப் பார்த்து ஸ்டுடியோவே சிரிக்கும். "மந்திரம் போடறாங்க" என்பார் மீசை.

அந்தக் கால்வாய் வெள்ளிக்கிழமைக்காரம்மா சிறுவயதில் இருந்த வீட்டுக்குப் பின்னால் ஓடிய கால்வாய். எந்தச் செங்கல்லில் பாசி ஏறும், எதில் ஏறாது, மழை நின்ற பிறகு பாலத்தின் அடியில் எவ்வளவு நேரம் சொட்டும், எல்லாம் சொன்னாள். அண்ணியிடமும் கேட்டுக்கொண்டாள். நாணலின் கணுவும் வேரும் அண்ணி வரைந்து அனுப்பியபோது, நான் இத்தனை வருஷமாகப் புல்லைத்தான் வரைந்துகொண்டிருந்திருக்கிறேன் என்று சொல்லித் தன் பழைய நாணலை எடுத்துவிட்டு இதையே வைத்துக்கொண்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழுந்தன் மாடியிலிருந்து இறங்கி அடுக்களைக்கு வந்தான். அவன் குடும்பம் அதே வீட்டின் மேல் பகுதியில் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, அடுத்த சீசன்ல இருந்து பேக்ரவுண்ட் மொத்தமும் நமக்குத்தான். பாதி இல்ல, மொத்தமும்."

அவள் பால் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்போ அவங்க எதை வரைவாங்க?"

"அவங்க வரைய மாட்டாங்க. அவங்க வேலைதான் இங்க வருது."

"அவங்களுக்குத் தெரியுமா, தம்பி?"

"தெரியாது. சீசன் முடியறப்ப நாங்க சொல்லிக்கறோம்னு மேனேஜர் சொல்லிட்டார். அதுவரைக்கும் நாம வாயைத் திறக்கக் கூடாது. இப்பவே தெரிஞ்சு அவங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா, மிச்சத்தை நமக்கு யார் சொல்லித் தர்றது?"

கொடுமைக்காரன் சொல்வதுபோல் அவன் சொல்லவில்லை. கடன் வாங்கிக் கம்ப்யூட்டர் போட்டவன், ஆட்களுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கத் திண்டாடுகிறவன், மூச்சு விட இடம் கிடைத்தவனைப்போலச் சொன்னான். அண்ணன் கண் வைத்தியத்துக்கும் இனிமேல் யோசிக்க வேண்டாம் என்றான். பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

அவன் போன பிறகு, வாசற்படியில் உட்கார்ந்திருந்த கணவன் கேட்டான்.

"அந்தம்மாகிட்ட சொல்லப் போறியா?"

"சொன்னா நம்ம கதி என்ன?"

சாவியைக் கொடுத்துவிட்டு வந்த மனிதனிடம் அவள் அதற்குமேல் எதையும் பேச விரும்பவில்லை.

அவள் சொல்லவில்லை. மழைக்காலக் காட்சிகள் வரைந்துகொண்டிருந்த சமயம் அது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இந்த வாரம் சொல்லிவிடலாம் என்று வந்து உட்காருவாள். பக்கத்தில் கொழுந்தன் இருப்பான். அவன் இல்லாத நாளிலும் ஏதோ ஒன்று நாக்கைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமைக்காரம்மா ஒளிவுமறைவில்லாதவள். தான் பல வருஷமாகக் கம்ப்யூட்டரில் செய்து சேர்த்துவைத்திருந்த பிரஷ்கள் அத்தனையையும் ஒரே நாளில் அனுப்பிவைத்தாள். ஈரச்சுவருக்கு ஒன்று, துருவுக்கு ஒன்று, தூரத்து மரத்துக்கு ஒன்று. இப்போது நீங்களும் இதையே போட்டால் இருவர் வரைந்ததும் ஒருவர் வரைந்ததுபோல் இருக்கும் என்றாள். அண்ணி நன்றி சொன்னாள். சொல்லும்போது காது சூடானது.

சீசன் முடியப் போகிற சமயத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் கையிலிருந்த ரொட்டியைக்கூடக் கடிக்காமல் உற்சாகமாகப் பேசினாள். அடுத்த சீசன் பெரிதாக வரப்போகிறதாம். தனக்குக் கீழே இரண்டு பேரை வேலைக்குக் கேட்டிருக்கிறாளாம். அண்ணியை ஒரு தடவை அங்கே அழைத்துக்கொண்டு போகவும் கேட்கப்போகிறாளாம். படத்தில் பார்த்து வரைந்தது போதும், நீங்கள் வந்து கால்வாயை நேரில் பார்க்க வேண்டும், எங்கள் வீட்டிலேயே தங்கலாம், வருவீர்கள்தானே என்று கேட்டாள்.

"கண்டிப்பா வர்றேன்" என்றாள் அண்ணி.

அத்தோடு விட்டிருந்தால்கூட அவள் மனசு பிற்காலத்தில் கொஞ்சம் ஆறியிருக்கும். விடவில்லை. பகல் தண்ணீர், மழைத் தண்ணீர், மூடுபனியில் தெரியும் தண்ணீர் எல்லாம் அவளுக்குக் கைவந்திருந்தன. பொழுது இறங்குகிற நேரத்துத் தண்ணீர் மட்டும் வரவில்லை. எப்படிப் போட்டாலும் மசிக்குளம்போல இருந்தது. இந்த வாரத்தை விட்டால் அதைக் கேட்க ஆள் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே கேட்டாள்.

வெள்ளிக்கிழமைக்காரம்மா உடனே பேனாவை எடுத்தாள். வானத்தை முதலில் போடாதீர்கள், தண்ணீரை முதலில் போடுங்கள் என்றாள். வானம் மங்கிய பிறகும் கொஞ்ச நேரத்துக்குத் தண்ணீர் வெளிச்சத்தை விடாது, அதனால் கரையும் மரமும் கறுத்த பிறகும் தண்ணீர் மட்டும் வெளுத்துக் கிடக்கும், எல்லோரும் அதைக் கருக்கிவிடுகிறார்கள் என்றாள். திரையில் அண்ணியின் கண்ணெதிரே அந்தச் சாயங்காலம் வந்தது. மீசையும் எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். இதைத் தெரிந்துகொள்வதற்கு என் அப்பா செத்த வருஷத்தில் தினமும் கரையில் போய் உட்கார வேண்டியிருந்தது என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எந்த நிறத்துக்கு மேல் எந்த நிறம் என்று அண்ணி ஒவ்வொரு லேயரையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் திரையில் சைக்கிள் இல்லை. மேனேஜர் வந்தார். பின்னணி வரைந்தவர் இனி நம்மோடு வேலை செய்யமாட்டார் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த சீசனின் தேதிகளுக்குப் போனார். கொழுந்தன் அன்றைக்கு ஸ்டுடியோ முழுவதற்கும் ஹோட்டலிலிருந்து சாப்பாடு வரவழைத்தான். எல்லோரும் நாற்காலிகளை ஒன்றாகத் தள்ளிப்போட்டுச் சாப்பிட்டார்கள். அண்ணி வயிறு சரியில்லை என்றாள். வீட்டுக்குப் போனதும் கணவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துணிகளை மடிக்க ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு வேலை மலைபோல வந்தது. புதிதாக மூன்று பேரை எடுத்தார்கள். அதில் ஒருத்திக்கு மருந்துக்கடை என்று பெயர். முன்பு மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். அண்ணிதான் அவள் பொழுதுபோக்காகப் போட்ட படங்களைப் பார்த்து, அந்த வேலையை விட்டுவிட்டு வா என்று கூப்பிட்டாள். நிறத்துக்கெல்லாம் அவளிடம் தனிப் பெயர் உண்டு. "அண்ணி, இந்தச் சுவருக்கு இருமல் டானிக் போடவா, சத்து மாத்திரை போடவா?" என்பாள். கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வருவாள். அவள் இருக்கும் இடத்தில் சிரிப்பு இருக்கும்.

சீசன் வெளிவந்தபோது அண்ணியின் மகள் கடைசியில் ஓடும் பெயர்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அம்மா பெயர் எங்கே என்று கேட்டாள். ஒப்பந்தத்தில் இல்லை என்றாள் அண்ணி. அண்ணியும் அந்தப் பெயர்களில் தேடினாள், தன் பெயரை அல்ல. வெள்ளிக்கிழமைக்காரம்மாவின் பெயரும் இல்லை. ஆனால் முதல் காட்சியே சாயங்காலம்தான். கரை கறுத்து, தண்ணீர் வெளுத்துக் கிடந்தது. மகள் அழகாக இருக்கிறது என்றாள். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மீசையிடம் மட்டும் ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னாள். அவர் டீயை ஊதிக்கொண்டே கேட்டார்.

"நாம யார் சோத்துலயும் மண்ணைப் போடலை அண்ணி. இத்தனை வருஷமா நல்ல வேலையெல்லாம் அவங்களுக்குப் போச்சு, நாம செருப்பு வெட்டினோம். இப்பத்தான் ஒண்ணு இந்தப் பக்கம் வந்திருக்கு. அதுக்குப் போயி அழணுமா?"

அவர் சொன்னதில் அவளுக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. தனக்கு ஒரு படத்துக்குக் கிடைப்பது அங்கே என்னவாக இருந்திருக்கும் என்று அவளும் யோசித்ததுண்டு. வேலை இங்கே வந்ததில் அவளுக்கு உறுத்தல் இல்லை. கண்டிப்பாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தக் கடைசிப் பாடத்தையும் உருவிக்கொண்டாளே, அதுதான் உறுத்தியது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு வெள்ளிக்கிழமைக்காரம்மாவைத் தேடினாள். கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. செடி விற்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறாள், வார இறுதியில் பெரியவர்களுக்குப் படம் வரையச் சொல்லித் தருகிறாள் என்று அவளுடைய இணையப் பக்கத்திலேயே போட்டிருந்தது. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று அண்ணி எழுதினாள். மறுநாளே பேசலாம் என்று பதில் வந்தது. மத்தியான இடைவேளையில் ஸ்டுடியோவின் மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்று பேசினாள். இங்கிலீஷில் நடந்த பேச்சுதான், நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும்.

"உங்க வேலை இங்க வரப்போகுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மழைக் காட்சி போட்டுக்கிட்டிருந்தப்ப."

"அப்போ நான் உங்கள வீட்டுக்குக் கூப்பிட்டப்ப தெரியும்."

"தெரியும்."

"அந்தச் சாயங்காலத் தண்ணி கேட்டீங்களே."

"தெரிஞ்சுதான் கேட்டேன்."

பிறகு அவள், உங்களுக்கு ஒரு படத்துக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டாள். அண்ணி சொன்னாள். அந்தப் பெண் அதைத் தன் நாட்டுப் பணத்தில் மாற்றிப் பார்த்திருக்க வேண்டும். சிரித்தாளா, மூச்சை விட்டாளா என்று தெரியவில்லை.

"எனக்கு ரொம்பச் செலவாகுதுன்னு சொல்லித்தான் என்னை அனுப்பினாங்க. நான் வீட்டுக்கு வந்து யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், அப்படி என்ன நான் அதிகமா வாங்கிட்டேன்னு. இப்பத்தான் புரியுது, நான் அதிகம் இல்ல, நீங்க கம்மி." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள். "ஆனா பரவாயில்லைன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லியிருந்தாலும் என் வேலை போயிருக்கும். ஆனா அந்தத் தண்ணியை மட்டும் நானே வெச்சுக்கிட்டிருப்பேன்."

கடைக்குப் போக நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள். அண்ணி தொட்டிக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கினாள். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தாள். குறையவில்லை. முன்பு ஒருத்திக்குத் தெரியாமல் இருந்தது, இப்போது அவளுக்கும் தெரிகிறது, அவ்வளவுதான்.

நீர்நாய்த் தொடர் அடுத்த வருஷம் முடிந்துபோனது. ஸ்டுடியோவில் வேலை வற்ற ஆரம்பித்தது. கொழுந்தன் அலையாய் அலைந்து வேறொரு கம்பெனியைப் பிடித்தான். பண்ணையில் நடக்கும் குழந்தைக் கதைகள். முதல் வீடியோ பேச்சில், அங்கிருந்து தாடி வைத்த ஓர் ஆள் வந்தார். கோழிக்கூண்டையும் வைக்கோல்போரையும் காட்டி, இதெல்லாம் எப்படி வரைவது என்று சொல்லித் தரத் தொடங்கினார். பக்கத்தில் கொழுந்தன். பின்வரிசையில் மீசை, மருந்துக்கடை, மற்றவர்கள். எல்லோரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

அண்ணி ஒரு கேள்வி கேட்டாள். இதற்கு முன்னால் இந்தப் படங்களை யார் வரைந்தார்கள்?

"நான்தான்" என்றார் தாடிக்காரர். "இனிமே நீங்க எனக்கு உதவப் போறீங்க."

கொழுந்தன் மேஜைக்கு அடியில் அவள் காலை இடித்தான். அவள் நிறுத்தவில்லை. உதவிக்குத்தானா, இல்லை உங்கள் வேலை மொத்தமும் இங்கே வருகிறதா என்று உங்கள் மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்டுவிட்டு அப்புறம் எங்களுக்குச் சொல்லித் தாருங்கள் என்றாள். இதற்கு முன்னால் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது என்றும் சொன்னாள். தாடிக்காரர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது.

இரண்டு நாளில் அந்தக் கம்பெனி வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிவிட்டது. கொழுந்தன் ஸ்டுடியோவில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, அண்ணன் முன்னால் நின்று கேட்டான்.

"அண்ணி, அந்தாளு உங்களுக்கு யாரு? மருந்துக்கடை உங்களுக்கு யாரு?"

அவள் அடுப்பைத் தணித்தாள். அவன் விடவில்லை.

"எனக்கு ஏமாத்தணும்னு ஆசையா? எல்லாருக்கும் வேலை இருக்கற ஒரு வழியை நீங்க காட்டுங்க, நான் செய்யறேன். அப்படி ஒரு வழி இல்லை அண்ணி. யாரோ ஒருத்தருக்கு வேலை போகத்தான் போகுது. அது நம்ம ஆளாத்தான் இருக்கணுமா?"

கணவன் தம்பியை உட்காரச் சொன்னான். அவன் உட்காரவில்லை. அந்த மாதக் கடைசியில் மூன்று பேரை அனுப்பினான். கடைசியாக வந்தவர்கள் முதலில் போக வேண்டும் என்ற கணக்கில் மருந்துக்கடையும் போனாள். போகும்போதுகூட, "இந்த மாசத்துக்குக் கசப்பு மருந்து" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள்.

சில மாதம் கழித்து அந்தப் பண்ணைப் படங்கள் வேறொரு தேசத்தில் வேறொரு ஸ்டுடியோவில் தயாராவதாக மீசை கேள்விப்பட்டு வந்து சொன்னார். தாடிக்காரரின் பக்கத்தை அண்ணி தேடிப் பார்த்தாள். வேலை தேடுகிறேன் என்று போட்டிருந்தார். அவள் சொன்னதால் அவருக்கு ஏதாவது பயன் இருந்ததா, கொஞ்சம் முன்னாலேயே தேட ஆரம்பித்தாரா என்பதெல்லாம் அவளுக்குத் தெரியவில்லை. எழுதிக் கேட்கவும் கை வரவில்லை.

அன்றைக்கு அவள் மருந்துக்கடையின் வீட்டுக்குப் போனாள். இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் அடுப்பு, நடுவில் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது. மருந்துக்கடை தரையில் உட்கார்ந்து குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பழைய கடையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாம். வேறு கடை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் வேலை போனதுக்கு நான்தான்மா காரணம்" என்றாள் அண்ணி, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே.

"தெரியும் அண்ணி. நானும் பின்னாடிதான உட்கார்ந்திருந்தேன்."

"திட்டணும்னா திட்டிரு."

"திட்டினா வேலை வருமா?" அவள் ஒரு சின்னச் சட்டையை மடித்து வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். அன்னிக்கு அந்தாளுகிட்ட அதைச் சொல்றதுக்கு முன்னாடி, என்னை ஒரு தடவ நெனச்சீங்களா?"

நினைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அந்த நிமிஷத்தில் அண்ணியின் கண்முன் இருந்தது ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்ட ஒருத்தியின் முகம்தான்.

"இல்லை" என்றாள். "நெனக்கலை."

மருந்துக்கடை தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. குழந்தை நடந்து வந்து அண்ணியின் செருப்புக்கருகே உட்கார்ந்து கையை ஊன்றியது. மருந்துக்கடை எழுந்து வந்து அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை.

அண்ணி இப்போதும் அதே மாடியில்தான் வேலை செய்கிறாள். கொழுந்தன் அவளிடம் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டான், வேலை விஷயம் மட்டும். புதுக் கம்பெனிகளோடு நடக்கும் முதல் பேச்சுக்கு அவளைக் கூப்பிடுவதில்லை. அவளும் கேட்பதில்லை. கொழுந்தன் அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் பேச்சு முடியும்வரை அவள் பேனாவை எடுப்பதில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.